திருநின்றவூருடையான் எழுத்து

திருமலை, திருப்பதிக் கல்வெட்டுகளில் பெரும்பான்மை தமிழில் அமைந்தவை. விசயநகரக் காலச் சாசனங்கள் பலவற்றின் இறுதியில் ‘கோயில் கணக்கு திருநின்றவூருடையான் எழுத்து’ என்று காண்கிறோம். ‘எழுத்து’ இங்கே கையொப்பத்தைக் குறிக்கும். கொடையாளி அளித்த பொருளையும் அதற்கீடாகக் கோயில் நடத்தவேண்டிய கட்டளையையும் தானத்தார் ஏற்க, கணக்கர் ஒப்பமிடுகிறார். கொடையாளியை அறியாதவரும் அந்த ஒப்பத்தை நம்பிச் சாசனத்தை ஏற்கலாம்.

அரசாணைக்கு முத்திரை சான்று. 1960 வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்த திருவாலங்காட்டில் 1905இல் கிடைத்த முதலாம் இராசேந்திரனின் 31 செப்பேடுகள், சோழ முத்திரை பொறித்த வளையத்தில் கோக்கப்பட்டவை. ஆனால் முத்திரையைக் கண்டவர் அதுபோல் இன்னொன்று வார்க்கலாம். கங்கர் செப்பேடுகள் பலவற்றைப் போலி என ஃபிளீட் ஒதுக்கியதைக் கல்வெட்டியல் மாணவர் அறிவர்.

சரிபார்க்கத் தேவையானதே போலி செய்யவும் போதுமானதாக இருந்தது. இந்த முடிச்சை அவிழ்க்கும் வழியை 1976இல் டிஃபியும் ஹெல்மனும் வெளியிட்டனர். 1977இல் ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் மூவரும் அதற்குச் செயல்வடிவம் தந்தனர். தனித் திறவுகோலால் ஒப்பமிடலாம். பொதுத் திறவுகோலால் எவரும் அதைச் சரிபார்க்கலாம். பொதுத் திறவுகோல் இன்னாருடையது என்று மூன்றாமவர் ஒப்பமிட்டுத் தருவதே சான்றிதழ். அதன் எக்ஸ்.509 வடிவம் 1988இல் வந்தது. இந்தியாவில் மின்னொப்பத்துக்குச் சட்ட ஏற்பளித்தது 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம். சான்றளிப்போர்க்கு உரிமம் வழங்கக் கட்டுப்பாட்டாளர் ஒருவரையும் அது ஏற்படுத்தியது.

ஒரு நிறுவனத்தின் ஏபிஐயை அணுகும் கணினியும் இவ்வாறே தன்னை மெய்ப்பிக்கிறது. திறவுகோல் இணையைத் தானே உருவாக்கி, பெயரையும் பொதுத் திறவுகோலையும் மட்டும் கோரிக்கையாகச் சான்றளிப்பவருக்கு அனுப்புகிறது. பின்னர் ஒவ்வொரு தொடர்பின்போதும் சான்றிதழைக் காட்டி, அத்தொடர்புக்கே உரிய தரவின்மீது புதிதாக ஒப்பமிடுகிறது. ஆகவே சான்றிதழைப் படியெடுத்தவருக்கு அதனால் பயனில்லை. கல்வெட்டுக் கொடை ‘சந்திராதித்தவரை’ செல்லும். சான்றிதழுக்கோ முடிவுநாள் உண்டு, இடையில் விலக்கவும்படும்.

இவ்வமைப்பு முழுவதும் ஒரே நிபந்தனையின்மேல் நிற்கிறது: தனித் திறவுகோல் உருவான இடத்தை விட்டு நீங்கலாகாது. வசதி கருதிச் சான்றளிப்பவரே இணையை உருவாக்கி மின்னஞ்சலில் அனுப்பினால், ஒப்பமிடும் ஆற்றல் வழியில் கண்ட அனைவருக்கும் உரியதாகிவிடும். அங்கே பெயரளவில் சான்றிதழ் இருக்கும். நடப்பதோ பழைய முத்திரையின் கதைதான். திருநின்றவூருடையான் கொடைக்குச் சாட்சியாக ஒப்பமிட்டார். கொடையாளியின் கையைத் தாம் வாங்கி வைத்துக்கொள்ளவில்லை.