வெற்றிலை வட்டாவும் வழி தவறிய நிறமூர்த்தமும்

கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று என்று அம்பாறைக் கரையோரம் நெடுகிலும் வீட்டுக்கு வந்தவர் முன் வெற்றிலை வட்டா வைப்பது மரியாதை. தோணி தள்ளும் விடியற்காலையிலும் வயல்வாடியின் இரவிலும் அது கைத்துணை. ‘புகையிலை சேர்க்காமல் வெறும் வெற்றிலையும் பாக்கும் போட்டால் ஒன்றும் செய்யாது’ என்பது இந்தப் பழக்கத்தோடு கூடவே வளர்ந்த நம்பிக்கை. இலங்கை ஆண்களிடம் மிக அதிகமாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப்புற்றுநோய் என்பதால் இந்த நம்பிக்கையை உரசிப் பார்க்காமல் விட முடியாது. பாக்கு, கன்னத்துக் கலங்கள் பிரியும் ஒழுங்கையே கெடுக்கிறது. அந்தக் கேட்டுக்கு நோயைத் தொடக்கிவைப்பதைவிட, தொடங்கிய நோயை முன்னே தள்ளுவதில்தான் பங்கு அதிகம் என்பது இக்கட்டுரையின் வாதம். கன்னத்தைப் பார்த்தவர்களும் கலத்தைப் பார்த்தவர்களும் பல பத்தாண்டுகள் தனித்தனியே வேலை செய்ததால் இது விளங்கத் தாமதமாயிற்று.

கலத்தைப் பார்த்தவர்களின் கதை ஜேர்மனியில் தொடங்குகிறது. 1890இல் பேர்லினில் நோயியலாளர் ஹான்சமான், புற்றுத் திசுவில் கலம் பிரியும்போது, பரம்பரையலகுகளைத் தாங்கும் நிறமூர்த்தங்கள் இரு பக்கமும் சமனாகப் பிரியாமல் கூடியும் குறைந்தும் போவதைக் கண்டார். உயிரியலாளர் தியோடர் போவேரி அதற்கு ஒரு காரணம் தேடினார். கடல் முள்ளெலியின் ஒரே முட்டையில் இரண்டு விந்துகள் புகுந்தால் கலம் இரண்டாக அல்ல, நான்காகப் பிரிய முயலும். நிறமூர்த்தங்கள் கிடைத்த பக்கம் போய்ச் சேரும். முளையம் பெரும்பாலும் அழியும். இதிலிருந்து அவர் 1914இல் துணிச்சலான முடிவொன்றுக்கு வந்தார்: பிழையான நிறமூர்த்தச் சேர்க்கை பெற்றும் பிழைத்துக்கொள்ளும் ஒரு கலமே புற்றின் வித்து. புற்றுநோயை வைத்து ஒரு பரிசோதனையும் செய்யாமல் சொன்ன முடிவு இது. சமகாலத்தவர் அதைப் பொருட்படுத்தாததில் வியப்பில்லை. 1915இல் அவர் இறந்தார். அதே ஆண்டில் மணிலாவிலிருந்து டேவிஸ் என்ற அமெரிக்க வைத்தியர், வெற்றிலை மெல்லும் பிலிப்பீனியரின் கன்னத்தில் வரும் புற்றுநோயைப் பற்றி எழுதினார். இந்த இரு கண்டறிதல்களையும் ஒன்றாக வைத்துப் பார்க்க அன்று யாருமில்லை.

மனிதக் கலத்தில் 46 நிறமூர்த்தங்கள் என்பதே 1956இல்தான் உறுதியானது. இரு பாதைகளும் சந்தித்தது 1982இல். கனடாவிலிருந்த ஸ்டிச்சும் அவருடைய சகாக்களும் வெற்றிலை மெல்பவர்களின் உட்கன்னத்தை மெதுவாகச் சுரண்டி, உதிர்ந்த கலங்களுக்குச் சாயமேற்றி நுணுக்குக்காட்டியில் பார்த்தார்கள். முழுக் கருவுக்குப் பக்கத்தில், அதன் குட்டி போல, சிறிய வட்டப் புள்ளியொன்று பல கலங்களில் தெரிந்தது. அதுதான் நுண்கரு. கலம் பிரியும்போது நிறமூர்த்தங்களை இரு பக்கமும் இழுக்கும் கதிரின் இழையில் பிடிபடாமல் பின்தங்கிய நிறமூர்த்தமோ, முறிந்துபோன அதன் துண்டோ தனக்கென ஒரு மென்சவ்வைப் போர்த்திக்கொண்டால் நுண்கருவாகும். கன்னத்தின் அடிப்படலத்தில் பிரியும் கலங்கள் மேலேறி உதிரச் சில வாரங்களாகும். ஆகவே அந்தப் புள்ளி, சில வாரங்களுக்கு முன் அடியில் நடந்த பிழையின் சாட்சி. மெல்லாதவர்களைவிட மெல்பவர்களிடம் இப்புள்ளிகள் தெளிவாக அதிகமாயிருந்தன.

பிழை எங்கே நடக்கிறது என்பதையும் பின்வந்த ஆய்வுகள் காட்டின. ஒவ்வொரு நிறமூர்த்தமும் இரு பக்கத்து இழைகளிலும் சரியாகப் பிடிபட்டதா என்று பார்த்து, அதுவரை பிரிவை மறித்து வைக்கும் பொறிமுறையொன்று கலத்தில் உண்டு. அதன் பரம்பரையலகுகளை 1991இல் மதுவத்தில் கண்டுபிடித்தார்கள். விஞ்ஞானிகள் அதைச் சோதனைச்சாவடி என்றே அழைக்கிறார்கள். நம் கரையோரத்தாருக்கு அந்தச் சொல்லை விளக்கத் தேவையில்லை. பாக்கிலுள்ள அரிகோலின் கதிரின் அமைப்பைக் குழப்பி இச்சாவடியின் வேலையையும் கெடுப்பதாக 2010இல் தாய்வான் ஆய்வாளர்கள் எழுதினார்கள். 2013இல் ஷில்லாங்கின் வடகிழக்கு மலைப் பல்கலைக்கழகக் குழு, பாக்குச் சாறு கொடுத்த எலிகளில் சாவடிப் பரம்பரையலகுகளின் வெளிப்பாடு மாறியதையும் இரைப்பைப் புற்று உண்டானதையும் காட்டியது.

‘அப்படியானால் அரிகோலினை உறுதியான புற்றுநோய்க் காரணியாக ஏன் அறிவிக்கவில்லை?’ என்பது நியாயமான கேள்வி. சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 1985இல், புகையிலை சேராத வெற்றிலைக்குச் சான்று போதாது என்றது. ஊர் நம்பிக்கைக்கு அன்று அறிவியலின் துணையும் இருந்தது என்றே சொல்லலாம். 2004இல் வெளியான அதன் 85ஆம் தொகுதி, புகையிலை சேராத வெற்றிலையையும் பாக்கையும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்ற முதற்பிரிவில் வைத்தது. தனி அரிகோலினுக்குப் பிற்பாடு கிடைத்தது ‘சாத்தியம்’ என்ற கீழ்ப்பிரிவுதான். ஆனால் யாரும் அரிகோலினைத் தனியே பிரித்து மெல்வதில்லை. பாக்கு குற்றவாளி என்பது தீர்ந்த விடயம். அதன் எந்தக் கூறுக்கு எவ்வளவு பங்கு என்பதே மிச்சமிருக்கும் கேள்வி.

இன்னும் கடினமான மறுப்பொன்று உண்டு. நிறமூர்த்தம் கூடிக் குறைந்தால் கலம் நலிந்து மெதுவாகத்தான் வளரும். அது எப்படிப் புற்றாகும்? 21ஆம் நிறமூர்த்தம் ஒன்று கூடுதலாக இருக்கும் டவுன் நோய்க்குறி உள்ளவர்களிடம் குருதிப் புற்று அதிகம், மற்ற உறுப்புகளின் கட்டிகளோ குறைவு. 2007இல் கிளீவ்லண்ட் என்ற ஆய்வாளரின் குழுவினர், நிறமூர்த்தங்களை இழுத்துச் செல்லும் புரதமொன்று பாதியாகக் குறைந்த எலிகளில் மண்ணீரலிலும் சுவாசப்பையிலும் கட்டிகள் கூடியதையும் ஈரலில் குறைந்ததையும் கண்டார்கள். எனவே போவேரி சொன்னதை அப்படியே ஏற்க முடியாது. பிரிவுப் பிழை தனித்து நின்றால் பெரும்பாலும் கலத்தையே கொன்றுவிடும். பிழைபட்ட கலத்தைத் தடுக்கும் காவல் பரம்பரையலகுகள் ஏற்கெனவே விகாரமடைந்த கன்னத்தில்தான் அது பிழைத்து, வேறுவேறு நிறமூர்த்தச் சேர்க்கைகளைப் பெற்றெடுத்து, அவற்றுள் வலியது முந்த இடங்கொடுக்கிறது. முப்பது வருடம் நாள்தோறும் பாக்கு மெல்பவரின் வாயில் இந்தத் தேர்வு ஓயாமல் நடக்கிறது.

இந்த வாதத்துக்கு நோயாளரிடமிருந்து கிடைத்த மிகப் பிரபலமான சான்று மோசடியாய்ப் போனதையும் மறைக்கக் கூடாது. வாயின் வெள்ளைத் திட்டில் நிறமூர்த்தக் கணக்குப் பிசகினால் அது கிட்டத்தட்ட உறுதியாகப் புற்றாகும் என்று நோர்வேயின் யோன் சுட்போ 2001இல் எழுதியதை, தரவுகள் நம்பத்தகாதவை என்று கண்டு 2006இல் அதை வெளியிட்ட சஞ்சிகை மீளப்பெற்றது. அதோடு கருத்தும் விழுந்துவிடவில்லை. பேராதனையில் தொடங்கி இலண்டன் கிங்ஸ் கல்லூரிக்குச் சென்ற சமன் வர்ணகுலசூரியவும் பங்கேற்ற 2013ஆம் ஆண்டு ஆய்வு, 273 நோயாளரைத் தொடர்ந்து பார்த்தது. கணக்குப் பிசகிய திட்டுகளில் புற்றானவை ஐந்தில் ஏறக்குறைய இரண்டு. இதைத் தலைவிதியாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் கவனியாமல் விடுவதற்கும் இது சின்ன எண் அல்ல.

திட்டுக்கும் புற்றுக்கும் நடுவே பெரும்பாலும் வருடக்கணக்கில் அவகாசம் உண்டு. அதைப் பயன்படுத்த நிறமூர்த்தம் எண்ணும் கருவி ஊர் வைத்தியசாலையில் இருந்தாக வேண்டும் என்பதில்லை. 1984இல் வெளியான ஆய்வில் இலங்கைக் கிராமங்களின் 34 ஆரம்ப சுகாதாரப் பணியாளர்கள் ஒரே வருடத்தில் 28,295 பேரின் வாயைத் திறந்து பார்த்து, 1,220 பேரிடம் மாற்றங்களைக் கண்டார்கள். உங்கள் வீட்டில் வெற்றிலை போடும் உம்மம்மாவுக்கோ வாப்பாவுக்கோ வாயில் வெள்ளைத் திட்டோ இரண்டு வாரமாகியும் ஆறாத புண்ணோ இருந்தால், வாய் முன்போல் திறக்காவிட்டால், புகையிலை சேர்க்கவில்லையே என்று காத்திராமல் பல் வைத்தியரிடம் கூட்டிப் போங்கள்.