பழைய கடன் என்று கடிதம் வந்தால்: தோட்டப்புறக் குடும்பங்கள் தெரிந்திருக்க வேண்டியவை

லிங்கி, பெங்காலான் கெம்பாஸ், சுவா பெத்தோங் வட்டாரத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்து, பின்னர் போர்ட்டிக்சன், சிரம்பான் பக்கம் குடிபெயர்ந்த இந்தியக் குடும்பங்கள் பல. லயன் வீட்டு முகவரியைக் கொடுத்து எடுத்த மோட்டார் சைக்கிள் கடனோ, கிரெடிட் கார்டோ, தனிநபர் கடனோ பத்துப் பதினைந்து ஆண்டுகள் கழித்து, கடன் வசூல் நிறுவனத்தின் கடிதமாகத் திரும்பி வரலாம். வாங்கியது 3,000 வெள்ளியாக இருக்கும்; கேட்பது 11,000 வெள்ளியாக இருக்கும். "7 நாளில் கட்டாவிட்டால் வழக்கு" என்ற வரியும் கூடவே இருக்கும்.

இப்படி ஒரு கடிதம் வந்தால் பயந்து உடனே பணம் கட்டுவதும் தவறு, கிழித்துப் போடுவதும் தவறு. முதலில் செய்ய வேண்டியது விவரம் கேட்பதுதான்.

கேட்பவர் யார்?

கடன் வசூல் நிறுவனம் இரண்டு வகையில் வரும். ஒன்று, வங்கியின் சார்பில் வசூலிக்கும் முகவர். அப்படியானால் வங்கி கொடுத்த அதிகாரக் கடிதம் அவரிடம் இருக்க வேண்டும். மற்றொன்று, வங்கியிடமிருந்து வாராக் கடனை விலைக்கு வாங்கிய நிறுவனம். 1956ஆம் ஆண்டு சிவில் சட்டத்தின் 4(3) பிரிவின்படி, கடன் உரிமை எழுத்து மூலம் மாற்றப்பட வேண்டும். அது குறித்துக் கடனாளிக்கும் எழுத்து மூலம் அறிவிப்புத் தர வேண்டும். எனவே அந்த அறிவிப்பின் நகலைக் கேட்பது கடனாளியின் நியாயமான உரிமை.

தொலைபேசியில் பேசுபவரிடம் அடையாளக் கார்டு எண், வங்கிக் கணக்கு, டேக் எண் எதையும் சொல்லக் கூடாது. தனியார் பெயரிலுள்ள வங்கிக் கணக்கில் பணம் போடச் சொன்னால் அது மோசடி என்றே கருதலாம். பணத்தைப் போட்டுவிட்டால் உடனடியாக 997 என்ற தேசிய மோசடித் தடுப்பு மையத்தை அழைக்க வேண்டும்.

ஆறு ஆண்டு வரம்பு

தீபகற்ப மலேசியாவில் 1953ஆம் ஆண்டு கால வரம்புச் சட்டம் நடப்பில் உள்ளது. அதன் 6ஆவது பிரிவின்படி, ஒப்பந்தத்தின் அடிப்படையிலான கடனுக்கு, வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து 6 ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுக்க வேண்டும். பொதுவாக, தவணை தவறிய நாளோ, ஒப்பந்தப்படி முழுத் தொகையையும் கட்டச் சொன்ன நாளோ தொடக்கமாகக் கொள்ளப்படும். சபா, சரவாக்கில் தனிச் சட்டங்கள் உண்டு.

உதாரணத்திற்கு, 2012 ஏப்ரலில் தவணை தவறி, அந்த மாதமே முழுத் தொகையும் கேட்கப்பட்டு, அதன்பின் ஒரு சென்னும் கட்டாமல், எதையும் எழுதித் தராமல் இருந்தால், 2018 ஏப்ரலோடு வழக்குக்கான காலம் முடிகிறது.

இதில் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். காலம் கடந்தாலும் கடன் அழிந்துவிடுவதில்லை. நீதிமன்றம் வழியாக வசூலிக்கும் கதவுதான் மூடப்படுகிறது. இரண்டாவதாக, கடனாளி தன் எதிர்வாதத்தில் கால வரம்பைக் குறிப்பிட்டுச் சொன்னால்தான் நீதிமன்றம் அதைக் கணக்கில் எடுக்கும் என்று 4ஆவது பிரிவு கூறுகிறது. வாய் திறக்காதவருக்குச் சட்டம் தானாக வந்து உதவாது.

ஐம்பது வெள்ளிப் பொறி

"இப்போதைக்கு 50 வெள்ளி மட்டும் கட்டுங்கள், வழக்கை நிறுத்தி வைக்கிறோம்" என்பது வசூலிப்பவர்கள் வழக்கமாகச் சொல்லும் வார்த்தை. கேட்க இரக்கமாகத் தெரியும். ஆனால் 26ஆவது பிரிவின்படி, கடனில் ஒரு பகுதியைக் கட்டினாலோ, கடனை ஒப்புக்கொண்டு எழுதிக் கையொப்பமிட்டாலோ, 6 ஆண்டுக் கணக்கு அந்த நாளிலிருந்து புதிதாகத் தொடங்கிவிடும். காலம் கடந்த கடனைக் கட்டுவதாக எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்த வாக்குறுதியும் 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 26ஆவது பிரிவின்படி செல்லும்.

ஆகவே விவரம் தெரியும்வரை பணம் கட்ட வேண்டாம். எந்தப் பாரத்திலும் கையெழுத்துப் போட வேண்டாம். வாட்ஸ்அப்பில் "அடுத்த மாதம் கட்டுகிறேன்" என்று அனுப்புவதையும் தவிர்க்க வேண்டும்.

பதில் கடிதம்

பதிலை மலாயிலோ ஆங்கிலத்திலோ எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பி, நகலையும் ரசீதையும் வைத்துக்கொள்ள வேண்டும். முதல் வரி, "சாயா திடாக் மெங்காக்கு ஹுத்தாங் இனி" (இந்தக் கடனை நான் ஒப்புக்கொள்ளவில்லை) என்று இருக்கட்டும். அதன்பின் கேட்க வேண்டியவை: மூலக் கடன் கொடுத்தவரின் பெயரும் கணக்கு எண்ணும், கையொப்பமிட்ட ஒப்பந்தத்தின் நகல், கடைசியாகப் பணம் கட்டிய தேதி, அசல், வட்டி, கட்டணம் என்று பிரித்துக் காட்டிய கணக்கு, அதிகாரக் கடிதம் அல்லது உரிமை மாற்ற அறிவிப்பு, ஏற்கனவே தீர்ப்பு இருந்தால் வழக்கு எண்.

வாகனக் கடனாக இருந்தால், வண்டியை இழுத்துச் சென்ற பிறகு எவ்வளவுக்கு ஏலம் போனது, அந்தத் தொகை கணக்கில் கழிக்கப்பட்டதா என்பதையும் கேட்க வேண்டும்.

நீதிமன்றத் தாள் வந்தால்

வசூல் நிறுவனத்தின் கடிதம் வேறு, நீதிமன்றத்தின் சம்மன் வேறு. நீதிமன்ற முத்திரையும் வழக்கு எண்ணும் உள்ள தாள் வந்தால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. தீபகற்பத்தில் சம்மன் கிடைத்த 14 நாட்களுக்குள் வருகை அறிவிப்பைத் தாக்கல் செய்யாவிட்டால், எதிர்த்தரப்பு நேரடியாகத் தீர்ப்பு வாங்கிவிடலாம். அப்போது கால வரம்பு வாதமும் கைநழுவிப் போகும். 5,000 வெள்ளிக்கு உட்பட்ட சிறு கோரிக்கை வழக்கு என்றால் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் வழக்கறிஞர் இல்லாமலே பேசலாம்.

தோட்டப்புற மக்களுக்குப் பெரிய ஆபத்து பழைய முகவரிதான். தோட்டம் விற்கப்பட்டு, லயன் வீடுகள் இடிக்கப்பட்ட பிறகும் மைகார்டில் அதே முகவரி இருந்தால், வழக்கு நடந்து தீர்ப்பு வந்ததுகூடத் தெரியாமல் போகும். முகவரியைத் தேசியப் பதிவு இலாகாவில் மாற்றுவது முதல் பாதுகாப்பு.

தெரியாமல் தீர்ப்பு வந்திருந்தால், அது கைக்குக் கிடைத்த 30 நாட்களுக்குள் அதை ரத்து செய்ய மனு செய்ய வேண்டும். தீர்ப்பான கடனுக்கு 6 ஆண்டு அல்ல, 12 ஆண்டு வரம்பு என்பதையும் மறக்கக் கூடாது. தீர்ப்புக் கடன் 1 லட்சம் வெள்ளியைத் தொட்டால் திவால் நடவடிக்கையும் எடுக்க முடியும்.

மிரட்டினால்

கடன் கட்டாதது சிவில் விவகாரம். "போலீஸ் வந்து பிடிக்கும்" என்பது வெறும் மிரட்டல். ஆனால் தீர்ப்புக்குப் பின் நீதிமன்றம் விசாரணைக்கு அழைத்தால் போகாமல் இருக்கக் கூடாது, வாரண்ட் வரலாம். வீட்டு வாசலில் கூச்சல், அண்டை வீட்டாரிடமும் முதலாளியிடமும் கடனைச் சொல்வது, அடிப்பேன் என்பது போன்றவற்றைத் தேதி, நேரத்தோடு குறித்து, குரல் பதிவோடு போலீசில் புகார் செய்யலாம். வங்கியின் முகவர் என்றால் முதலில் வங்கியிடமும், பிறகு பேங்க் நெகாராவிடமும் முறையிடலாம்.

ஆலோங் கடன் வேறு வகை. உரிமம் இல்லாமல் வட்டிக்கு விடுவது 1951ஆம் ஆண்டு வட்டித் தொழில் சட்டப்படி குற்றம்; அந்தக் கடனை நீதிமன்றத்தில் வசூலிக்கவும் முடியாது. உரிமம் பெற்றவர்கூட ஈடுள்ள கடனுக்கு ஆண்டுக்கு 12 விழுக்காடு, ஈடில்லாத கடனுக்கு 18 விழுக்காடு என்ற வரம்பைத் தாண்டக் கூடாது.

தகப்பனாரின் கடன், சேமநிதி

இறந்தவரின் கடன் அவர் விட்டுச் சென்ற சொத்திலிருந்துதான் தீர்க்கப்பட வேண்டும். ஜாமீன் கையெழுத்துப் போடாத மனைவியோ பிள்ளைகளோ தங்கள் சம்பளத்திலிருந்து கட்டக் கடமைப்பட்டவர்கள் அல்லர். ஊழியர் சேமநிதியில் இருக்கும் பணத்தைக் கடன்காரர்கள் முடக்க முடியாது. 1991ஆம் ஆண்டு சேமநிதிச் சட்டம் அதைக் காக்கிறது.

உதவி எங்கே?

தம் பெயரில் என்ன கடன் பதிவாகி உள்ளது என்பதை பேங்க் நெகாராவின் சிசிரிஸ் அறிக்கையில் இலவசமாகப் பார்க்கலாம். வழக்குப் பதிவுகள் உண்டா என்பதை சிடோஸ் அறிக்கையில் பார்க்கலாம். கடன் உண்மையானது, காலமும் கடக்கவில்லை என்று தெரிந்தால் ஒளிந்து பயனில்லை. ஏகேபிகே எனப்படும் கடன் ஆலோசனை நிறுவனம் 2006 முதல் கட்டணமின்றி ஆலோசனை தந்து, வங்கியோடு பேசித் தவணையைச் சீரமைக்க உதவுகிறது. சம்மன் வந்துவிட்டால் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தையோ, அரசின் சட்ட உதவி இலாகாவையோ நாடலாம்.

கடன் வசூல் நிறுவனங்களையும் கடனை வாங்கும் நிறுவனங்களையும் கண்காணிப்புக்குள் கொண்டுவரும் பயனீட்டாளர் கடன் மசோதாவை மக்களவை 2025 ஜூலையில் நிறைவேற்றியது. சட்டம் எவ்வளவு பலமாக இருந்தாலும், பழைய ரசீதுகளையும் வங்கிக் கடிதங்களையும் ஒரு கோப்பில் பத்திரப்படுத்தி வைத்திருக்கும் குடும்பத்துக்கே அதனால் முழுப் பயன் கிடைக்கும்.