சிப்பாயை வாங்கியது தவறா?



போன ஞாயிறு பேரன் செஸ் போட்டியிலிருந்து முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தான். எவான்ஸ் கேம்பிட்டில் பதினைந்து நகர்த்தலுக்குள் தோல்வி. "சும்மா கொடுத்த சிப்பாயை வாங்கினது தப்பா தாத்தா?" என்றான்.

எனக்குச் சுருக்கென்றது. 1995 ஜூனில் பள்ளி திறந்ததும் பத்தாம் வகுப்பில் உங்களில் சிலர் இதே கேள்வியைக் கேட்டீர்கள். அந்த ஏப்ரலில்தான் ரீகா நகரில் காஸ்பரோவிடம் நம் ஆனந்த் இதே கேம்பிட்டில் தோற்றிருந்தார். "வாங்கியிருக்கவே கூடாது" என்று மேசையைத் தட்டிச் சொன்னேன். நான் சரித்திர வாத்தியார். சரித்திரத்தைப் பார்க்காமலே சொல்லிவிட்டேன். அதைத்தான் இங்கே திருத்துகிறேன்.

கேம்பிட் என்றால் ஆட்டத் தொடக்கத்திலேயே ஒரு காயைத் தானாகக் கொடுத்து, அதற்கு ஈடாக வேகத்தை வாங்குவது. இதைக் கண்டுபிடித்த வில்லியம் டேவிஸ் எவான்ஸ் வேல்ஸ் நாட்டுக் கப்பல் கேப்டன். மில்ஃபோர்டுக்கும் அயர்லாந்தின் வாட்டர்ஃபோர்டுக்கும் இடையே தபால் கப்பல் ஓட்டியவர். 1820-களில் இந்த யோசனை அவருக்கு வந்தது. எதிரியின் மந்திரிக்கு முன்னால் பி4 கட்டத்தில் சிப்பாயை நீட்ட வேண்டும். மந்திரி அதைத் தின்றதும் சி3-இல் இன்னொரு சிப்பாயை வைத்து அதை விரட்டி, டி4 தள்ளிப் பலகையின் நடுவைப் பிடிக்க வேண்டும். அவ்வளவுதான்.

லண்டனில் அன்று பெரிய ஆட்டக்காரராக இருந்த அலெக்சாண்டர் மெக்டானலிடம் இதைப் போட்டுப் பார்த்தார் எவான்ஸ். மெக்டானல் சிப்பாயை வாங்கினார். ஏழாவது நகர்த்தலில் தன் இன்னொரு மந்திரியை ஜி4-க்கு அனுப்பி எவான்ஸின் குதிரையைக் கட்டிப்போட்டார். பார்வைக்கு அழகான நகர்த்தல். ஆனால் எவான்ஸ் ராணியை பி3-க்கு நகர்த்தியதும் அந்தக் கட்டு அவிழ்ந்தது. ராஜாவின் பக்கத்திலுள்ள எஃப்7 சிப்பாய் மீது ராணியும் மந்திரியும் சேர்ந்து பாய்ந்தன. அடுத்து அந்தக் குதிரையும் வந்து சேர்ந்தது. கறுப்பு ராஜா கோட்டைக்குள் போகவே இல்லை. 20-ஆவது நகர்த்தலில் மேட்.

பிறகு எழுபது எண்பது வருடம் இந்த கேம்பிட்டுக்குப் பெரிய மவுசு. 1834-இல் மெக்டானலும் பிரான்சின் லா பூர்தொனேயும் ஆடிய 85 ஆட்டங்களில் பலமுறை இது வந்தது. 1852-இல் பெர்லினில் ஆண்டர்சன் ஆடிய புகழ்பெற்ற ஆட்டமும் இதுவே.

மவுசைக் குறைத்தவர் 27 வருடம் உலக சாம்பியனாக இருந்த லாஸ்கர். என்ன செய்தார் தெரியுமா? சிப்பாயை அவரும் வாங்கினார்! மெக்டானல் ஜி4-க்குப் பாய்ந்த அதே நிலையில், அதே ஏழாவது நகர்த்தலில், ஏ5-இல் இருந்த மந்திரியை பி6-க்கு அடக்கமாக இழுத்துக்கொண்டார். "வேண்டுமானால் உன் சிப்பாயைத் திரும்ப எடுத்துக்கொள்" என்பதுதான் அதன் பொருள். வெள்ளை எடுத்தால் ராணிகள் வெட்டுப்பட்டுப் போகும், தாக்குதல் ஓய்ந்துவிடும், வெள்ளையின் ஏ, சி சிப்பாய்கள் துணையில்லாமல் தனித்தனியே நிற்கும். வாங்கியதை எப்போது திருப்பிக் கொடுப்பது என்பதுதான் அவர் கண்டுபிடித்த விஷயம். கடன் வாங்கிப் பழகிய நம் குடும்பங்களுக்கு இது புரியும்!

இப்போது ரீகாவுக்கு வருவோம். அது மிகைல் தால் நினைவுப் போட்டி. தால் பிறந்த ஊரே ரீகாதான். சென்னையில் சோவியத் கலாசார மையத்தில் தால் பெயரில் இருந்த செஸ் மன்றத்தில்தான் சிறுவன் ஆனந்த் ஆடி வளர்ந்தார். அந்த தாலின் ஊரில் அவருக்கு இப்படி ஆனதில் அன்று எனக்குக் கொஞ்சம் வருத்தம்.

அந்த ஆட்டத்தை இந்த வாரம் பேரனோடு உட்கார்ந்து எண்ணினேன். ஆனந்தும் சிப்பாயை வாங்கினார். மந்திரியை ஈ7-க்கு இழுத்தார். அதில் குற்றமில்லை. பிறகு ஒரு குதிரையை ஓரத்தில் ஏ5-க்கு அனுப்பினார். எட்டாவது நகர்த்தலில் இன்னொரு குதிரை எஃப்6-க்கு வந்தது. காஸ்பரோவ் ஈ5 தள்ளி அதை விரட்டினார். அந்த ஒரு குதிரை மட்டும் ஆட்டம் முடிவதற்குள் ஏழு முறை நகர்ந்திருக்கிறது! வெள்ளை ராணி ஜி7-ஐக் குறிவைத்ததும் 11-ஆவதில் ஜி6 தள்ள வேண்டி வந்தது. அதனால் உண்டான ஓட்டையில், எச்6-இல், காஸ்பரோவின் மந்திரி வந்து உட்கார்ந்தது. அந்தப் பக்கம் கோட்டை கட்டும் வழி அடைபட்டது. ராணிப் பக்கத்து மந்திரி முதன்முதலில் அசைந்தது 23-ஆவது நகர்த்தலில். காஸ்பரோவ் 25-ஆவதை ஆடியதும் ஆனந்த் கைகொடுத்துவிட்டார்.

லாஸ்கர் ஆரம்பத்திலேயே வைத்த டி6 சிப்பாயை ஆனந்த் வைத்தது 13-ஆவதில். என் கணக்கில் தவறு அங்கேதான்; சிப்பாயை வாங்கியதில் இல்லை. அன்று அந்த வகுப்பில் இருந்தவர்கள் இதைப் படித்தால், நான் சொன்னதை அடித்துவிட்டு இதை எழுதிக்கொள்ளுங்கள்.

நேற்று மாலை பேரனுக்குக் கறுப்புக் காய்களைக் கொடுத்து நான் பி4 தள்ளினேன். என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு சிப்பாயை எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டான். ஏழாவது நகர்த்தலில் மந்திரியை பி6-க்கு இழுத்தான். அதற்குள் பாட்டி சாப்பிடக் கூப்பிட்டுவிட்டாள். பலகை இன்னும் திண்ணையில் அப்படியே இருக்கிறது.