அலைவரிசைக்கு முன்பே ஒலித்த குரல்கள்

பாட்காஸ்டின் வரலாறு பெரும்பாலும் 2004-ஆம் ஆண்டிலிருந்து எழுதப்படுகிறது. அவ்வாண்டு பிப்ரவரியில் பென் ஹாமர்ஸ்லி என்னும் பத்திரிகையாளர் ‘தி கார்டியன்’ நாளிதழில் அச்சொல்லை முன்வைத்தார். மறுஆண்டு ஆப்பிள் நிறுவனம் தன் ஐடியூன்ஸ் மென்பொருளில் அதற்கு இடமளித்தது. தொழில்நுட்பத்தின் வரலாற்றுக்கு இத்தொடக்கம் பொருந்தும். ஆனால் பெண்கள் தம் பேச்சைத் தாமே பதிவுசெய்து, அரசின் உரிமத்துக்குக் காத்திராமல், பிற பெண்களிடம் கொண்டுசேர்த்த வரலாற்றுக்கு இந்தியாவில் இதனினும் முந்தைய தொடக்கம் உண்டு. அதைத் தேட வேண்டிய இடம் தெலங்கானாவின் ஜாகிராபாத் வட்டாரத்துச் சிற்றூர்கள்.

அவ்வூர்களுக்குச் செல்லுமுன் சட்டத்தின் பின்னணியைக் காண்பது தேவை. 1885-ஆம் ஆண்டின் இந்தியத் தந்திச் சட்டம் ஒலிபரப்பும் உரிமையை அரசின் தனியுரிமையாக்கியிருந்தது. விடுதலைக்குப் பின்னும் அந்நிலை மாறவில்லை. கிரிக்கெட் போட்டிகளை ஒளிபரப்புவது குறித்து எழுந்த வழக்கொன்றில் 1995 பிப்ரவரி 9 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அலைக்கற்றை பொதுச்சொத்து என்றும், அதன் பயன்பாடு பொதுநலனை ஒட்டியே அமைய வேண்டும் என்றும் அத்தீர்ப்பு கூறியது. அதை எழுதியோருள் ஒருவர் நீதியரசர் பி.பி. சாவந்த். தீர்ப்புக்குப் பிறகும் கதவு முதலில் திறந்தது வணிகத்துக்கே. தனியார் எஃப்.எம். நிலையம் 2001-இல் பெங்களூரில் ஒலிக்கத் தொடங்கியது. 2002-இல் கல்வி நிறுவனங்களுக்குச் சமுதாய வானொலி நடத்தும் இசைவு கிடைத்தது. அவ்வழியில் அண்ணா பல்கலைக்கழகத்தின் நிலையம் 2004-இல் சென்னையில் பிறந்தது. உழவுத் தொழிலாளர் பெண்களுக்கோ இவற்றுள் எதிலும் இடமில்லை.

ஜாகிராபாத் பகுதியில் 1983 முதல் இயங்கிவரும் தக்காண வளர்ச்சிச் சங்கம், ஊர்தோறும் தலித் பெண்களைச் சங்கங்களாகத் திரட்டியிருந்தது. சிறுதானிய வேளாண்மை, விதைப் பாதுகாப்பு, தரிசு நில மீட்பு ஆகியவை அச்சங்கங்களின் பணிகள். தம் அனுபவத்தைத் தம் வட்டார மொழியில் பேசும் வானொலியொன்று வேண்டும் என்பது அப்பெண்கள் எழுப்பிய கோரிக்கை. யுனெஸ்கோவின் துணையோடு 1990-களின் இறுதியில் ஒலிப்பதிவுக் கூடம் அமைந்தது. ஜெனரல் நரசம்மா, அல்கோல் நரசம்மா என்னும் இரு இளம் தலித் பெண்கள் பதிவும் தொகுப்பும் பயின்றனர். கருவி இருந்தது, நிகழ்ச்சிகளும் இருந்தன, ஒலிபரப்ப உரிமம் மட்டும் இல்லை. எனவே நிகழ்ச்சிகள் ஒலிநாடாக்களில் ஊர் ஊராகச் சென்றன. சங்கக் கூட்டங்களில் அவை ஒலிக்க, பெண்கள் கூடியிருந்து கேட்டனர். விதை, மருத்துவம், பாட்டு, பண்டிகை, கூலி என நாடாவில் கேட்டது கூட்டத்தில் விவாதமாயிற்று. முன்பே பதிவாகி, உரிமத்துக்கு அப்பாற்பட்டு, கேட்போர் வேண்டும்போது கேட்கும் ஒலி என்பது பாட்காஸ்டின் வரையறையானால், இந்நாடாக்கள் அவ்வரையறைக்குள் அடங்கும்.

இது தனித்த நிகழ்வன்று. குஜராத்தில் கச்சு மகிளா விகாஸ் சங்கடன் என்னும் பெண்கள் அமைப்பு, 1999-இன் இறுதியில் அகில இந்திய வானொலியின் புஜ் நிலையத்தில் நேரம் பெற்று, கச்சி மொழியில் வானொலித் தொடரொன்றை வழங்கியது. ஊராட்சித் தலைமையேற்கும் பெண்ணின் சிக்கல்கள் அதன் கதைப்பொருள்களுள் ஒன்று. கர்நாடகத்தின் கோலார் மாவட்டத்துப் பூதிகோட்டையில் ‘நம்ம த்வனி’ குழுவினர், காற்றலை மறுக்கப்பட்ட நிலையில், தொலைக்காட்சிக் கேபிள் கம்பி வழியாகவே வீடுகளுக்கு ஒலியை அனுப்பினர். நாடா, விலைக்குப் பெற்ற நேரம், கம்பி ஆகிய மூன்றும் ஒரே தடையைச் சுற்றிச் சென்ற மூன்று வழிகள்.

2006 நவம்பரில்தான் தொண்டு நிறுவனங்களும் சமுதாய வானொலி நடத்தலாம் என்ற கொள்கை வந்தது. 2008 அக்டோபர் 15 அன்று, உலக ஊரகப் பெண்கள் நாளில், மச்னூர் ஊரில் சங்கம் வானொலி 90.4 மெகாஹெர்ட்ஸில் தொடங்கியது. தொடங்கிவைத்தவர் அதே பி.பி. சாவந்த். பொதுச்சொத்து என்று எழுதப்பட்டது உழைக்கும் பெண்களின் கைக்கு வந்துசேர 13 ஆண்டுகள் ஆயின. வந்தபோதும் அது கட்டோடு வந்தது. சமுதாய வானொலி தானாகச் செய்தி திரட்டி வழங்குவதற்குக் கொள்கை தடை விதித்தது. விதையைப் பற்றிப் பேசலாம். அன்று ஊரில் நடந்த வன்கொடுமையைச் செய்தியாகச் சொல்ல இயலாது.

இப்பின்னணியில் வைத்தால்தான் இன்றைய பெண்ணியப் பாட்காஸ்டின் பேறும் குறையும் விளங்கும். அதற்கு உரிமம் வேண்டியதில்லை, கோபுரம் வேண்டியதில்லை, செய்தித் தடையும் இல்லை. ‘ஃபெமினிசம் இன் இந்தியா’ இணையத்தளமும், டெல்லியின் நிரந்தர் அமைப்பு நடத்தும் ‘தி தர்ட் ஐ’ தளமும் பாட்காஸ்டைப் பெண்ணியக் கல்விக்குப் பயன்படுத்துகின்றன. காதொலிக் கருவி தரும் தனிமை, குடும்ப வன்முறையும் பாலியலும் பற்றிய பேச்சைப் பிறர் அறியாமல் கேட்க வழிசெய்கிறது. ஒலிநாடாவைச் சுற்றி அமர்ந்த கூட்டத்தில் இத்தகைய தனிமை அரிது.

ஆயினும் அந்தத் தனிமையே இழப்புமாகும். நாடாவைக் கேட்டு முடித்த பெண்களின் எதிரே அதைக் கேட்ட பிற பெண்கள் இருந்தனர். பேச்சு தீர்மானமாக மாற வாய்ப்பிருந்தது. பாட்காஸ்ட் கேட்பவரின் எதிரே திரை மட்டுமே உண்டு. அத்திரையும் எல்லாரிடமும் இல்லை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தாமே பயன்படுத்தும் கைப்பேசியை வைத்திருந்த பெண்கள் ஏறத்தாழ 54 விழுக்காட்டினர்; இணையத்தை ஒருமுறையேனும் பயன்படுத்தியோர் ஆண்களில் 57 விழுக்காடாக இருக்க, பெண்களில் 33 விழுக்காடு மட்டுமே. முன்பு உரிமம் நின்ற வாயிலில் இப்போது கருவியும் தரவுக் கட்டணமும் மேடை நிறுவனங்களின் பரிந்துரை நிரல்களும் நிற்கின்றன.

‘குரலற்றவர்களுக்குக் குரல் தருதல்’ என்னும் தொடர் ஊடக ஆய்வுகளில் இன்றும் புழங்குகிறது. சங்கம் வானொலியின் வரலாறு அத்தொடரை மறுக்கிறது. அப்பெண்களிடம் குரல் எப்போதும் இருந்தது. பத்தாண்டுக்கால நாடாக்களில் அது பதிவாகியும் இருந்தது. மறுக்கப்பட்டது அலைவரிசை. ஆகவே பெண்ணியப் பாட்காஸ்டை ஆராய்வோர் யார் பேசுகிறார் என்பதோடு நின்றுவிட இயலாது. ஒலிவாங்கி யாருடைய உடைமை, பதிவுகளைக் காப்பவர் யார், கேட்டபின் பெண்கள் கூடிப் பேசும் இடம் எது என்னும் மூன்று வினாக்களையும் கேட்டாக வேண்டும். ஒலிநாடாவைக் கையில் எடுத்துக்கொண்டு ஊர் ஊராகச் சென்ற பெண்கள் இம்மூன்றுக்கும் தம் அளவில் விடை கண்டிருந்தனர்.