இடது காது

தாத்தா யாரையும் தன் இடப்பக்கம் உட்கார விடமாட்டார். திண்ணையில் போய் உட்கார்ந்தால், "இந்தப் பக்கம் வா தாயி" என்று கையைப் பிடித்து வலப்பக்கம் மாற்றிக்கொள்வார். கல்யாணப் பந்தியிலும் இடப்பக்கம் சுவர் வருகிற இலையாகப் பார்த்துத்தான் உட்காருவார். வீட்டுப் பெரியவர்களுக்கு இருக்கும் ஏதோ ஒரு வழக்கம் என்றே நாங்கள் நினைத்திருந்தோம். காது பரிசோதனை படித்துவிட்டு ஊருக்குத் திரும்பி, ஒரு இரவல் ஆடியோமீட்டரில் அவர் காதை நானே அளந்தபோதுதான் விஷயம் புரிந்தது. அவருக்கு அப்போது 75 வயது. வயதானால் இரண்டு காதும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் இறங்கும். அவருடைய வரைபடத்தில் இடது காதின் கோடு வலது காதைவிட 25 டெசிபல் கீழே கிடந்தது.

ஏழாயிரம்பண்ணையில் பிறந்தவர். சாத்தூருக்குத் தென்மேற்கே கரிசல் காட்டுக்கு நடுவில் இருக்கிற ஊர். இன்று பேரைச் சொன்னால் எல்லோருக்கும் பட்டாசும் தீப்பெட்டியும்தான் நினைவுக்கு வரும். ஆனால் எங்கள் பக்கத்துக் காதுகள் முதலில் பட்டாசால் கெடவில்லை. துப்பாக்கியால் கெட்டவை.

அதற்கும் முன்னால் எங்கள் நாட்டு வேட்டை சத்தமே இல்லாத வேட்டை. கண்ணி, வலை, ஈட்டி, நாய், வளரி. வளைந்த கட்டையாலோ இரும்பாலோ செய்த வளரி, சுழன்று போய் ஓடுகிற முயலின் காலில் அடிக்கும். கர்னல் ஜேம்ஸ் வெல்ஷ் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி, தனக்கு ஈட்டி எறியவும் வளரி வீசவும் முதலில் கற்றுக்கொடுத்தவர் சிவகங்கைச் சின்ன மருது என்று தன் நினைவுக் குறிப்புகளில் எழுதி வைத்திருக்கிறார். அந்தச் சின்ன மருதுவோடுதான் 1801-இல் கம்பெனி போரிட்டது. அதற்கு இரண்டு ஆண்டு முன்னால், 1799-இல், கம்பெனியை எதிர்த்த கட்டபொம்மன் பக்கம் நின்ற பாளையங்களில் ஏழாயிரம்பண்ணையும் ஒன்று. அக்டோபர் 16-ஆம் தேதி கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டார்கள். பாஞ்சாலங்குறிச்சி, நாகலாபுரம், ஏழாயிரம்பண்ணை, கோலார்பட்டி, காடல்குடி, குளத்தூர் பாளையங்கள் பறிபோயின. கோட்டைகளை இடிக்க வேண்டும், ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டும் என்று கம்பெனியின் மேஜர் பானர்மேன் ஆணை போட்டார். வளரிகூட அப்போது ஆயுதம்தான். 1878-இல் வந்த ஆயுதச் சட்டம் துப்பாக்கிக்கு லைசென்ஸைக் கட்டாயமாக்கியது. சத்தமில்லாத ஆயுதத்தை ஊர் மறந்துபோக, காகிதம் வைத்திருந்தவன் கையில் சத்தம் போடுகிற ஆயுதம் மிஞ்சியது. இந்த மாற்றத்தை அரசியல் வரலாறாகப் பலர் எழுதிவிட்டார்கள். என் தொழில் காது என்பதால், காதுகளின் வரலாற்றிலும் அது ஒரு திருப்பம் என்று எனக்குப் படுகிறது.

தாத்தாவிடம் இருந்தது பயிர்ப் பாதுகாப்பு லைசென்ஸில் வாங்கிய நாட்டுத் துப்பாக்கி. குழல் வாயில் கருமருந்தைக் கொட்டி, கந்தல் துணியைத் திணித்து, கம்பியால் இடித்து, ஈய ரவையைப் போட்டு, மறுபடி அடைத்து, பின்பக்கம் கேப்பு வைத்துச் சுடுகிற சங்கதி. தேர்தல் வந்தால் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு ரசீது வாங்கி வருவார். அந்த ரசீதுகளைப் பட்டா பத்திரங்களோடு சேர்த்தே வைத்திருந்தார். கம்பங்காட்டுக்கும் உளுந்தங்காட்டுக்கும் காவல் என்பது பேர். முயலும் கவுதாரியும்தான் நோக்கம். 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்து வேட்டையைக் கட்டுப்படுத்தியது. அதற்குள் அவர் இருபது வருஷம் சுட்டிருந்தார். சட்டம் வந்தது சரி என்றுதான் நான் நினைக்கிறேன், கடைசியில் தாத்தாவும் அப்படித்தான் சொன்னார்.

இடது காது மட்டும் ஏன் என்பதற்கு விளக்கம் எளிது. வலது தோளில் கட்டையைச் சாய்த்து, கன்னத்தை அதில் பதித்து, தலையைச் சற்றுத் திருப்பிக் குறி பார்க்கிறவனின் வலது காது தலையின் மறைவுக்குள் போய்விடும். இடது காது குழல்வாயைப் பார்த்து நிற்கும். வெடிப்பின் முழு அடியும் அதற்குத்தான். லண்டனில் ஜோசப் டாயின்பீ என்ற காது மருத்துவர் 1860-இலேயே, சுடுகிற தோளுக்கு எதிர்ப்பக்கத்துக் காதுதான் வேட்டைக்காரர்களுக்கு அதிகம் கெடுகிறது என்று கண்டு எழுதினார். நான் தாத்தாவின் காதை அளக்கும்போது அந்தக் குறிப்புக்கு வயது நூற்று நாற்பதுக்கு மேல். எங்கள் ஊருக்கு அது வந்து சேரவே இல்லை.

ஒரு துப்பாக்கி வெடிப்பின் உச்சச் சத்தம் 140 டெசிபலுக்கும் 170-க்கும் இடையில் எங்காவது இருக்கும். டெசிபல் கணக்கில் பத்து கூடினால் சத்தத்தின் ஆற்றல் பத்து மடங்காகும். 140 என்பதே பெரியவர்கள் காது தாங்கக்கூடிய எல்லை என்று வைத்திருக்கிறார்கள். உள்காதில் இருக்கிற மயிரிழைச் செல்களில் முதலில் சாகிறவை 4000 ஹெர்ட்ஸ் பக்கத்துச் செல்கள். செத்தவை மனிதனுக்கு மறுபடி முளைப்பதில்லை. வெடித்த அன்றைக்கு, "காது கும்முன்னு அடைச்சிருச்சு, உள்ள இரையுது" என்பார்கள். மறுநாள் காலையில் சரியானது போல இருக்கும். அந்தச் "சரியானது போல"தான் ஆளை ஏமாற்றுகிறது. பஞ்சு வைத்துக்கொண்டுதான் சுட்டோம் என்று இன்றும் பெரியவர்கள் சொல்கிறார்கள். பருத்தி விளைகிற பூமி, பஞ்சுக்கு என்ன குறை? ஆனால் வெறும் பஞ்சு ஒரு சில டெசிபலைத்தான் தடுக்கும்.

முதலில் போவது பேச்சு இல்லை என்பதால் யாருக்கும் தெரிவதில்லை. சில்வண்டுச் சத்தம் போகும். சருகில் முயல் கால் வைக்கிற சரசரப்பு போகும். பிறகு பொம்பிளைப் பிள்ளைகளின் மெல்லிய குரல். அதன்பின் தட்டு, கட்டு, பட்டு மூன்றும் ஒன்றாகிவிடும். "உன் தாத்தாவுக்கு வேண்டியது மட்டும் கேக்கும்" என்று அப்பத்தா நாற்பது வருஷம் சண்டை போட்டாள். "தட்டை எடு" என்றால் கட்டிலைப் பார்ப்பார். அவர் அழும்பு பண்ணவில்லை. 'த'வையும் 'க'வையும் பிரித்துக் காட்டுகிற மெல்லிய ஒலி அவருக்கு எட்டவில்லை, அவ்வளவுதான். அப்பத்தா சாகும்வரை இதை அவளுக்குச் சொல்ல ஊரில் ஆளில்லை. என் தொழிலில் நான் மிகவும் வருந்துகிற இடம் இது.

காது போன பிறகும் தாத்தா எப்படி வேட்டையாடினார்? நாயை வைத்து. சிப்பிப்பாறை எங்கள் வட்டாரத்து ஊர், அந்த ஊர்ப் பேரில்தான் நாயும். ஒட்டின வயிறும் நீண்ட காலுமாய், குரைக்காமல் கண்ணால் பார்த்து விரட்டிப் பிடிக்கிற நாய். இருட்டில் மூணு கட்டை டார்ச்சை நாயின் தலைக்கு மேலாகப் பிடித்துக்கொண்டு நடப்பாராம். நாயின் காது எந்தப் பக்கம் மடங்கி நிமிர்கிறதோ அந்தப் பக்கம் வெளிச்சம் திரும்பும். "என் காது அதுக்குட்ட இருந்துச்சு" என்பார். காது கேட்கும் கருவி என்று எங்கள் குடும்பத்துக்கு முதலில் வாய்த்தது அந்த நாய்தான்.

உலகத்தில் அப்போது மிஷின்கள் இல்லாமல் இல்லை. அமெரிக்காவில் மில்லர் ரீஸ் ஹட்சிசன் கரி மைக்கைக் கொண்டு மின்சாரக் கேட்புக் கருவி செய்தது 1898 வாக்கில். டிரான்சிஸ்டர் வைத்த முதல் கருவி விற்பனைக்கு வந்தது 1952 கடைசியில். இந்தியாவில் இந்தத் துறைக்கென்று மைசூரில் ஒரு தேசிய நிறுவனம் 1965-இல் உருவானது. மாற்றுத்திறனாளிகளுக்குக் கருவி கொடுக்கும் மத்திய அரசின் திட்டம் 1981-இல் தொடங்கியது. சட்டைப்பை மிஷின் எங்கள் பக்கத்துக் கிராமங்களுக்கு வந்தது அந்தக் காலத்தில்தான்: தீப்பெட்டி மாதிரி ஒரு டப்பா, அதிலிருந்து ஒரு வயர், காதில் ஒரு குமிழ்.

தாத்தாவுக்கும் ஒரு முகாமில் ஒன்று கொடுத்தார்கள். காதை அளக்கவில்லை. வரிசையில் நின்றவர்களுக்கெல்லாம் ஒரே மிஷின், ஒரே திருகு. போட்டுக்கொண்டு வந்த அன்றைக்கே கழற்றி டிரங்குப் பெட்டியில் வைத்துவிட்டார். "எல்லாம் பறை அடிக்கிற மாதிரி கேக்குது." நன்றாகக் கேட்கிற தடித்த ஒலிகளையும் அந்த மிஷின் சேர்த்துப் பெரிதாக்கியது. பஸ் உறுமலும் நாயின் மூச்சும் டப்பாவில் உரசுகிற சட்டைத் துணியும் இடியாய் விழ, அவர் தேடிய சருகுச் சத்தம் அதற்கடியில் மூழ்கிப்போனது. கெட்ட காதுக்கு மெல்லிய சத்தம் கேட்காது, பெரிய சத்தமோ நல்ல காதுக்குக் கேட்பதைப் போலவே பெரிதாகக் கேட்கும். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற சந்து சிறியது. அந்தச் சந்தை அளக்காமல் மாட்டுகிற எந்தக் கருவியும் பெட்டிக்குள்தான் போகும். அவருக்கு மிஷின் பிடிக்கவில்லை என்று ஊர் சொன்னது. மிஷினுக்குத்தான் அவரைத் தெரியவில்லை என்று நான் சொல்வேன்.

அப்பா துப்பாக்கியைத் தொட்டதில்லை. அவர் காலம் பட்டாசுக் காலம். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-இல் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்து தொடங்கியது, 1940-களில் பட்டாசாகக் கிளைத்து, எங்கள் ஊர்வரை பரவியது. இதிலும் ஒன்றைச் சரியாகச் சொல்ல வேண்டும்: பட்டாசு செய்கிற வேலை சத்தமான வேலை இல்லை. மருந்து செலுத்துவதும் திரி வைப்பதும் சரம் பின்னுவதும் ஏறக்குறைய மௌனத்தில் நடப்பவை. காது கெடுவது வெடித்துப் பார்க்கிறவர்களுக்கும் விபத்தில் தப்பியவர்களுக்கும்தான். அப்பா வெடித்துப் பார்த்தவர். ஒவ்வொரு ஆட்டம்பாம் தினுசிலும் ஒன்றிரண்டைப் பற்றவைத்துச் சத்தம் சரியா என்று காதாலேயே சொல்ல வேண்டிய வேலை. வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டரில் உச்சம் 145 டெசிபலைத் தாண்டக்கூடாது என்ற அளவு 1999-இல்தான் வந்தது. அவர் வேலையில் முக்கால்வாசி அதற்கு முன்னாலேயே முடிந்திருந்தது. அப்பாவின் வரைபடத்தில் இரண்டு காதும் 4000-இல் ஒரே அளவு பள்ளம். தாத்தாவின் வரைபடம் கோணல். இரண்டையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எங்கள் ஊரின் இரண்டு தலைமுறை அதில் தெரியும்.

2021 பிப்ரவரி 12-ஆம் தேதி அச்சங்குளம் பட்டாசு ஆலை வெடித்ததில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஏழாயிரம்பண்ணைக்குப் பக்கத்து ஊர். இப்படிப்பட்ட விபத்துகளில் உயிர் பிழைத்தவர்களுக்குத் தீக்காயம் ஆறி, தோல் மூடி, மாதங்கள் போன பிறகுதான் காது நினைவுக்கு வருகிறது. கிழிந்த செவிப்பறை பெரும்பாலும் தானே மூடிக்கொள்ளும், உள்காது மூடிக்கொள்வதில்லை.

சட்டமும் இந்தக் காதுகளைச் சரியாகப் பார்ப்பதில்லை. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி பேச்சு அலைவரிசைகளில் இரண்டு காதிலும் 60 டெசிபல் இழப்பு இருந்தால்தான் கேட்புக் குறைபாடு. ஒரு காது எவ்வளவு போயிருந்தாலும் மற்றது கேட்டால் கணக்கில் வராது. வேட்டைக்காரனின் காது அந்த வாசலைத் தாண்டி உள்ளே போகவே முடியாது. இதை மாற்ற வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

சாத்தூரில் என்னிடம் வருகிறவர்கள் கேட்கிற முதல் கேள்வி, "எந்த மிஷின் நல்லதும்மா?" நான் திருப்பிக் கேட்பேன்: "என்ன சத்தம் காணாமப் போச்சு?" காட்டுக் காவலுக்குப் போகிற ஒரு பெரியவர், "பன்னி வர்ற திக்கு தெரியல" என்றார். திக்கு என்றால் இரண்டு காது வேண்டும். ஒரு காதுக்கும் மறு காதுக்கும் ஒலி வந்து சேர்கிற நேர வித்தியாசம், ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதையும் வைத்துத்தான் மூளை திக்குச் சொல்லும். கெட்ட காதுக்கு மட்டும் ஒன்று போதும் என்று காசை மிச்சம் பிடிப்பவர்களிடம், இரண்டும் கெட்டிருந்தால் இரண்டுக்கும் போடுங்கள் என்று நான் மன்றாடுவேன். காதை முழுக்க அடைக்காத மெல்லிய குழாய் மாடல், தடித்த ஒலிகளை இயல்பாக உள்ளே விட்டு, நுண்ணிய ஒலிகளை மட்டும் தூக்கிக் கொடுக்கும். முன்பக்கத்தை மட்டும் கேட்கிற மைக் கடைத்தெருவுக்கு நல்லது, காட்டுக்கு நாலா பக்கமும் கேட்க வேண்டும். ஆடிக்காற்றில் மைக் ஊளையிடும், அதற்கு ஒரு அடக்கு வைக்க வேண்டும். உச்சச் சத்தத்துக்கு ஒரு கூரை போட்டே தீர வேண்டும். அப்படிப் போட்டாலும் வேட்டுக்கு அது காப்பு ஆகாது. வெடி போட்டுப் பன்னி விரட்டுகிறவர் மிஷினைக் கழற்றிவிட்டுக் காதடைப்பான் போட்டுக்கொள்ள வேண்டும். எங்கள் வெயிலுக்கும் வியர்வைக்கும், ராத்திரி மிஷினை ஈரம் உறிஞ்சும் மணிகளோடு டப்பியில் போட்டு மூடி வைக்கவில்லையென்றால் ஆறு மாதம் தாங்காது.

தாத்தாவுக்கு என் நாலு மாதச் சம்பளத்தில் இரண்டு டிஜிட்டல் மிஷின் வாங்கினேன். அவர் அதை வேட்டைக்காரராகவே சோதித்தார். வாசல் வேம்படியில் சருகு கிடந்தது. கண்ணை மூடிக்கொண்டு கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து, "சுத்தி நட தாயி" என்றார். நான் நடந்தேன். விரலை நீட்டினார். முதல் நாள் நான் இடப்பக்கம் நிற்க, விரல் வலப்பக்கம் போனது. முப்பது வருஷமாய் வலது காதை மட்டும் நம்பியிருந்த மூளை அது. தினமும் சாயங்காலம் நடந்தேன். மூன்றாவது வாரம் விரல் நான் நிற்கிற இடத்துக்கே வந்தது. இடப்பக்கம் முருங்கை மரத்தடியில் நின்றபோதும் வந்தது.

"இப்ப நாயை விடு" என்றார். அவிழ்த்துவிட்டேன். அது சருகுமேல் ஒரு சுற்றுச் சுற்றி வந்து அவர் முழங்காலில் மூக்கை வைக்கும்வரை விரல் அசையவில்லை. எனக்கு முகம் வாடிவிட்டது. மிஷினில் எதைக் கூட்டலாம் என்று யோசிக்க ஆரம்பித்தேன். அவர் கண்ணைத் திறந்து அதன் காதுமடலைத் தடவிக்கொண்டே சொன்னார்: "சிப்பிப்பாறை நடக்கிறது நல்ல காதுக்கே கேக்காது தாயி. மிஷின் சரியாத்தான் இருக்கு."