எம்டன் குண்டும் ஆயாவின் சாட்சியும்

பொல்லாத ஆளைப் பார்த்தால் "அவன் சரியான எம்டன்" என்போம். அந்தப் பேர் எப்படி வந்தது என்று ராயபுரத்துப் பெரியவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அதில் ஒரு கணக்கு இருக்கிறது. எங்கள் ஆயாவுக்கு நான் பட்ட கடனும் இருக்கிறது.

1914 செப்டம்பர் 22 இரவு, கார்ல் ஃபான் முல்லர் தலைமையில் ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் மெட்ராஸ் துறைமுகத்துக்கு எதிரே வந்தது. சர்ச் லைட் அடித்து பர்மா ஆயில் கம்பெனியின் தொட்டிகளைக் கண்டுபிடித்து, அரை மணி நேரத்தில் சுமார் 130 குண்டுகள் சுட்டது. இரண்டு தொட்டிகள் பற்றி எரிந்தன. மறுநாள் முதல் ஜனங்கள் மூட்டை கட்டிக்கொண்டு ஊரைக் காலி செய்தார்கள். நவம்பர் 9 அன்று கோக்கோஸ் தீவருகே ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னி எம்டனை அடித்து முடித்தது. உயர் நீதிமன்ற வளாகத்தில் அந்த இரவை நினைவூட்டும் கல்வெட்டு இன்றும் உண்டு.

அப்போது ஆயாவுக்குப் பத்து வயது. "கடல்ல பளிச்சுனு வெளிச்சம். இங்க குண்டு வெடிச்சு நெருப்பு தெரிஞ்சுது. அதுக்கப்புறம்தான் பீரங்கி சத்தம் வந்துச்சு" என்பார். "சுடுறதுக்கு முன்னாடியே வெடிச்சிச்சா?" என்று சித்தப்பா சிரிப்பார். புதுச்சேரியிலிருந்து லீவுக்கு வந்த நானும் சேர்ந்து சிரித்தேன்.

பிறகு பள்ளியில் 'தெரிவே' படித்தோம். தமிழில் வகைக்கெழு. ஒன்று மாறும் வேகம், அவ்வளவுதான். உயரத்தின் வகைக்கெழு மேல்நோக்கிய வேகம். அந்த வேகத்தை புவியீர்ப்பு நொடிக்குச் சுமார் 10 மீட்டர் வீதம் குறைக்கிறது. உச்சியில் வேகம் பூஜ்யம். ஏறிய நேரமும் இறங்கும் நேரமும் சமம். பக்கவாட்டில் எவ்வளவு வேகமாகப் போனாலும் இந்தக் கணக்கு மாறாது.

ரிடையர் ஆன பிறகுதான் இதை எம்டனுக்குப் போட்டுப் பார்த்தேன். தூரம் ஏறக்குறைய 3,000 கஜம், அதாவது 2,700 மீட்டர். குழாயை விட்டுக் கிளம்பும்போது குண்டின் வேகம் நொடிக்கு 690 மீட்டர். வகுத்தால் சுமார் 4 நொடி. ஏற 2, இறங்க 2. இரண்டு நொடியில் பூஜ்யமாக வேண்டுமானால் மேல்நோக்கிய வேகம் 20 மீட்டர். அதைத் தொகையிட்டால், 2 நொடிக்கு 40 மீட்டர். அதில் புவியீர்ப்பு இழுத்துக்கொள்வது 20. மிச்சம் 20 மீட்டர், ஆறு மாடி உயரம். நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் ஒரு பையன் நேர்மேலே எறிந்த பந்தும் இதே உயரம் போய், இதே 4 நொடியில் கைக்குத் திரும்பும்!

காற்று தடுப்பதால் குண்டுக்கு இன்னும் ஒரு நொடி கூடலாம். ஆனால் ஒலி நொடிக்கு 340 மீட்டர்தான் போகும். அந்தத் தூரத்தைக் கடக்க அதற்கு 8 நொடி வேண்டும். ஆக முதலில் வெளிச்சம், பிறகு வெடிப்பு, கடைசியில் பீரங்கிச் சத்தம். ஆயா சொன்ன வரிசை அப்படியே.

அலுவலகத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் பிறர் மனுக்களைச் சரிபார்த்தவன் நான். வீட்டிலிருந்த சாட்சியை மட்டும் சரிபார்க்காமல் சிரித்துவிட்டேன். கணக்கை முடித்தபோது, அதைச் சொல்ல ஆயாவும் இல்லை, சித்தப்பாவும் இல்லை. அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன்.