துண்டுச் சீட்டும் கடன் புத்தகமும்

2025 தீபாவளிக்கு முந்திய வாரம் கொட்டகலைக்குப் போயிருந்தேன். நான் பிறந்த லயம் இருந்த தோட்டத்தில் இன்றும் எங்கள் உறவினர் சிலர் இருக்கின்றனர். ஒன்றுவிட்ட தம்பியின் மகள் கொழுந்து பறிக்கிறாள். கணவன் கொழும்பில் ஒரு கடையில் வேலை. தேநீர் கொடுத்து முடித்தவள், கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய பிளாஸ்டிக் பையை எடுத்து என் முன்னால் கொட்டினாள். நான்கு நிறுவனங்களின் நான்கு கடன் புத்தகங்கள்.

"பெரியப்பா, இதுல எதை மொதல்ல முடிக்கிறது? எனக்கு கட்டக் கட்ட மனசு விட்டுப் போகுது" என்றாள்.

முப்பது வருடங்களுக்கு மேலாகப் பத்திரிகையில் மலையகத்தைப் பற்றி எழுதி வருபவன் நான். சம்பளப் போராட்டம், பிரஜாவுரிமை, லயன் வாழ்க்கை என்று எத்தனையோ கட்டுரைகள். ஆனால் இந்தக் கேள்விக்கு உடனே பதில் சொல்ல வரவில்லை. கடன் எவ்வளவு என்று அவள் கேட்கவில்லை. அது அவளுக்குத் தெரியும். கட்டிக்கொண்டே இருப்பதற்கான மனத்தை எங்கிருந்து எடுப்பது என்றுதான் கேட்டாள்.

அன்றிரவு தூக்கம் வராமல் படுத்திருந்தபோது ஒரு பழைய சொல் நினைவுக்கு வந்தது. 'துண்டு'. நூறு வருடங்களுக்கு முன் இதே மலைகளில் கடனுக்கு இருந்த பெயர் அது. இன்றைய இளைஞர்களில் பலர் அதைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். அதனால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

தமிழ்நாட்டின் கிராமங்களில் இருந்து இலங்கையின் கோப்பித் தோட்டங்களுக்கும் பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் ஆட்களைக் கொண்டுவந்தவர்கள் கங்காணிகள். 1869 இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தது. அதற்கு இரண்டு வருடங்கள் முன்பே ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலையைப் பயிரிட்டிருந்தார். பயிர் மாறியது, கங்காணி முறை மாறவில்லை. தோட்டத்துரை பெரிய கங்காணியிடம் முற்பணம் கொடுப்பார். கங்காணி ஊருக்குப் போய், வறட்சியிலும் பஞ்சத்திலும் கிடந்த குடும்பங்களைத் திரட்டுவார். ஊரில் இருந்த பழைய கடனை அடைப்பதற்கு, வழிச்செலவுக்கு, சாப்பாட்டுக்கு, துணிக்கு என்று செலவழித்தது அனைத்தும் தொழிலாளியின் பெயரில் கடனாக எழுதப்படும். ஆகவே முதல் கொழுந்தைக் கிள்ளுவதற்கு முன்னரே அவன் கடன்காரன். கடலைத் தாண்டும்போதே கடன் அவன் தலையில் ஏறிவிட்டது.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. தொழிலாளி கடன்பட்டிருந்தது கங்காணியிடம். கங்காணி கடன்பட்டிருந்தது தோட்டத்திடம். தன் கீழுள்ள ஆட்களுடன் கங்காணி வேறு தோட்டத்துக்குப் போக விரும்பினால், துரை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுப்பார்: இந்தக் கங்காணியும் இத்தனை ஆட்களும் இவ்வளவு ரூபா கடன், அந்தத் தொகையைச் செலுத்துபவரிடம் இவர்களை விடுவிக்கச் சம்மதம். இதுதான் 'துண்டு'. புதிய துரை அந்தத் தொகையைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொள்வார். பழைய கடன் தீர்ந்துவிடவில்லை. கடன் கொடுத்தவர் மட்டும் மாறினார். ஆட்களுக்குத் தட்டுப்பாடு வந்தபோது துரைமார் ஒருவருக்கொருவர் போட்டி போட்டனர். அந்தப் போட்டியில் ஒவ்வொரு துண்டிலும் தொகை ஏறியது. தோட்டம் மாறும்போதெல்லாம், எந்தச் செலவும் செய்யாத தொழிலாளியின் கடன் வளர்ந்தது.

சட்டமும் துரையின் பக்கமே நின்றது. 1865 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், முன்னறிவித்தல் இல்லாமல் வேலையை விட்டுப் போவது குற்றம், சிறையும் உண்டு. 1889 இன் சட்டம் சம்பளத்தை மாதம் முடிந்து 60 நாட்களுக்குள் கொடுக்கவேண்டும் என்றது. அன்று அது ஒரு சீர்திருத்தம்! உழைத்த காசைக் கையில் காண மூன்று மாதம் ஆகலாம் என்றால், அதுவரை எதைத் தின்பது? தோட்டம் கொடுத்த அரிசியைத்தான். அந்த அரிசிக்கும் சம்பளத்தில் கழிவு. பல தோட்டங்களில் மிஞ்சிய காசும் கங்காணியின் கை வழியாகவே வந்தது. தன் கணக்குக்குரியதைக் கழித்துக்கொண்டுதான் அவர் கொடுப்பார்.

அந்தக் காலத்து மனிதர்கள் சோம்பேறிகள், சேமிக்கத் தெரியாதவர்கள், கிடைத்ததைக் குடித்து அழித்தவர்கள் என்று எழுதிய துரைமார் உண்டு. நான் இப்படி யோசிக்கிறேன். எழுத்தறிவில்லாத ஒருவனின் கடன் கணக்கு வேறொருவரின் பேரேட்டில் இருக்கிறது. அவன் கட்டியது எவ்வளவு, மீதி எவ்வளவு என்பதை அவன் பார்க்க முடியாது. இன்னும் எத்தனை நாள் பேர் விழுந்தால் கடன் தீரும் என்று கேட்டால் சொல்வதற்கு ஆள் இல்லை. இந்த நிலையில் யாருக்குத்தான் ஊக்கம் வரும்? மனம் தளர்ந்தவனுக்கு இருந்த வழி இரவோடிரவாகத் தோட்டத்தை விட்டு ஓடுவது. ஓடினால் பிடிவிறாந்து. அப்படியும் பலர் ஓடினார்கள். அது கடனைக் கட்ட மறுத்த செயல் என்பதைவிட, முடிவே தெரியாத கணக்கை ஏற்க மறுத்த செயல் என்றே எனக்குத் தோன்றுகிறது.

இந்த அநீதிக்கு எதிராகக் கொழும்பில் உரக்கக் குரல் கொடுத்தவர்களில் முதன்மையானவர் சேர். பொன்னம்பலம் அருணாசலம். 1919 இல் தொழிலாளர் நலனுக்கென ஒரு சங்கத்தை அமைத்தார். இந்தியாவிலும் எதிர்ப்பு வலுத்தது. தமிழ்நாட்டிலிருந்து ஆட்கள் வருவதே நின்றுவிடுமோ என்ற அச்சம் துரைமாருக்கு வந்தது. 1921 ஆம் ஆண்டின் 43 ஆம் இலக்கச் சட்டம் துண்டு முறையைத் தடை செய்தது. வேலையை விட்டுப் போனவரைச் சிறையில் தள்ளும் விதிகளும் அத்துடன் நீங்கின. 1927 இல் குறைந்தபட்சச் சம்பளத்துக்கான சட்டம் வந்தது. 1929 இல் நடைமுறைக்கு வந்த விகிதப்படி, உயர் மலைநாட்டில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம். தொகை சிறியது. உலகப் பொருளாதார மந்தம் வந்ததும் அதையும் குறைத்தார்கள். ஆனாலும் ஒரு பெரிய மாற்றம் நிகழ்ந்தது. தன் ஒருநாள் உழைப்பின் விலை என்ன என்பதை முதன்முறையாகத் தொழிலாளி அறிந்துகொண்டான்.

அறிந்துகொள்ள வைத்தவர்களில் ஒருவர் எங்கள் தொழிலைச் சேர்ந்தவர். தஞ்சாவூரில் 'வர்த்தகமித்திரன்' என்ற வணிகப் பத்திரிகையை நடத்திய கோ. நடேசய்யர், தோட்டங்களுக்குள் வெளியார் நுழைய முடியாத காலத்தில் புடவை வியாபாரியாக வேடமிட்டு உள்ளே போய்ப் பார்த்தார் என்பது மலையக வரலாற்றில் எல்லோரும் அறிந்த செய்தி. பின்னர் இலங்கையிலேயே தங்கி 'தேசநேசன்', 'தேசபக்தன்' ஆகிய பத்திரிகைகளை நடத்தினார். 1931 இல் ஹட்டனை மையமாகக் கொண்டு தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கினார். 1936 இல் ஹட்டன் தொகுதியில் இருந்து அரசாங்க சபைக்குத் தெரிவானார். வரவு செலவைப் பற்றி வியாபாரிகளுக்கு எழுதிவந்த மனிதர், கணக்கே காட்டப்படாத மக்களிடம் வந்து சேர்ந்தது தற்செயலாக இருக்கலாம். 'நீ மயங்குவதேன்?', 'வெற்றியுனதே' என்ற தலைப்புகளில் அவர் நூல்கள் எழுதியதும் தற்செயல்தானா? கணக்கைத் தெரிந்துகொள்வதும் மனத்தளர்ச்சியை வெல்வதும் ஒரே வேலையின் இரு பாதிகள் என்று அவர் நினைத்திருப்பார் என நான் நம்புகிறேன்.

துண்டு போயிற்று. கடன் போகவில்லை. நான் சிறுவனாக இருந்தபோது அது கடைக்காரரின் கொப்பியில் இருந்தது. எங்கள் அம்மாவுக்குக் கையெழுத்து மட்டுமே போடத் தெரியும். ஆனால் அடுப்படிச் சுவரில் கரியால் கோடு போட்டு வைத்திருப்பார். கடையில் வாங்கிய ஒவ்வொரு கொத்து மாவுக்கும் ஒரு கோடு. சம்பள நாளன்று என்னைக் கூட்டிக்கொண்டு போய், கடைக்காரரின் கொப்பியை வாசிக்கச் சொல்வார். கோடுகளோடு சரி பார்த்த பின்னரே காசு கைமாறும். வீட்டுக்கு வந்ததும் ஈரத்துணியால் கோடுகளை அழிப்பார். அந்த ஒரு நாள் மட்டும் சுவர் வெறுமையாக இருக்கும். அன்று அம்மாவின் முகமும் வேறாக இருக்கும்.

அதே காலத்தில்தான், 1964 ஒப்பந்தத்தின்படி இந்தியப் பிரஜாவுரிமை பெற்றவர்கள் கோச்சியேறித் தலைமன்னாருக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். எங்கள் லயத்துக் கிழவர் ஒருவர் புறப்படுவதற்கு முதல் நாள், சேமலாப நிதிக் காசில் இருந்து கடைக் கணக்கைக் கடைசிச் சதம் வரை தீர்த்துவிட்டு வந்தார். இனி எந்த நாளும் பார்க்கப் போவதில்லை, கடைக்காரர் கடலைத் தாண்டி வந்து கேட்கப் போவதுமில்லை. ஏன் கட்டினீர்கள் என்று அப்பா கேட்டார். "கடனோட வந்தோம்னு சொல்றாங்க. கடனோட போனோம்னு சொல்லக்கூடாதுல்ல" என்றார் அவர். இந்த மக்களைக் கடன் கட்டாதவர்கள் என்று யாராவது சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்தக் கிழவரின் நினைவு வரும்.

இப்போது நான்கு புத்தகங்களுக்கு வருவோம். நுண்கடன் என்று இதற்குப் பெயர். பெண்களைக் குழுவாகச் சேர்த்து, பிணை கேட்காமல் கடன் கொடுக்கிறார்கள். ஒருத்தி கட்டாவிட்டால் குழுவில் உள்ள மற்றவர்கள் கட்டவேண்டும். வாரத்துக்கு ஒரு கூட்டம். 2016 இல் இதற்கென ஒரு சட்டம் வந்தது. 2018 இல் வட்டிக்கு 35 வீத உச்சவரம்பு விதிக்கப்பட்டது. அதே ஆண்டு இலங்கைக்கு வந்த ஐக்கிய நாடுகளின் நிபுணர் ஹுவான் பப்லோ பொஹோஸ்லாவ்ஸ்கி, இக்கடன்களில் பெண்கள் சிக்கியிருப்பதைத் தம் அறிக்கையில் கவலையுடன் குறிப்பிட்டார். 2021 மார்ச்சில் ஹிங்குரக்கொடையில் பெண்கள் சத்தியாக்கிரகம் இருந்ததும் இதற்காகவே. 2022 இன் பொருளாதார நெருக்கடி வந்தபோது, சாப்பாட்டுக்காகவும் கடன் வாங்கவேண்டியதாயிற்று.

அவளது புத்தகங்களில் வாரத் தவணைகள் 850, 1,250, 1,600, 2,100 ரூபா. மொத்தம் 5,800. நான்கு வாரத்துக்கு 23,200. அப்போது நாட்சம்பளம் 1,350 ரூபா. மாதத்தில் 22 நாள் பேர் விழுந்தால் 29,700. அதில் சேமலாப நிதி போகவேண்டும், சந்தா போகவேண்டும், தீபாவளி முற்பணம் போகவேண்டும். கணவன் அனுப்பும் காசில்தான் அடுப்பெரிகிறது. மூன்றாவது கடன் முதலாவதைக் கட்ட எடுத்தது. துண்டிலிருந்து துண்டுக்கு ஏறிய அதே கடன்தான் இது! ஒரேயொரு வேறுபாடு, கணக்கு இன்று அவள் கையில் இருக்கிறது. ஆனால் அதை அவள் ஒருநாளும் சேர்த்து எழுதிப் பார்க்கவில்லை. பயம்.

மறுநாள் காலை ஒரு பாடசாலைக் கொப்பியில் நான்கையும் எழுதினோம். 850 ரூபாப் புத்தகத்தில் மீதி ஒன்பது வாரம். 1,250 இல் 31 வாரம். வட்டிக் கணக்கை மட்டும் பார்த்தால், வட்டி கூடியதையே முதலில் அடைக்கவேண்டும். அதுதான் இலாபம். ஆனால் அமெரிக்காவில் கடன் நிவாரணத் திட்டமொன்றில் சேர்ந்தவர்களை ஆராய்ந்த டேவிட் கால், பிளேக்லி மெக்‌ஷேன் என்ற இருவர் 2012 இல் வெளியிட்ட முடிவு ஒன்று உண்டு. சிறு கணக்குகளை ஒவ்வொன்றாக மூடியவர்களே முழுக்கடனையும் தீர்க்கும் வரை தாக்குப்பிடிக்கக் கூடியவர்களாக இருந்தார்கள். எத்தனை டொலர் குறைந்தது என்பதைவிட, எத்தனை கணக்கு மூடியது என்பதே மனத்துக்குப் பலம் கொடுத்தது. சுவர்க் கோடுகளை அழித்த என் அம்மாவுக்கு இது ஆய்வில்லாமலே தெரிந்திருந்தது.

எனக்கும் பட்டறிவு உண்டு. நான் வேலை செய்த இடமொன்றில் மாதக்கணக்காகச் சம்பளம் வராமல் போனபோது வாங்கிய கடனைத் தீர்க்க எனக்கு ஏழு வருடங்கள் பிடித்தன. அதில் மூன்று வருடங்கள், மொத்தத் தொகையைப் பார்க்கவே துணியாமல் கழிந்த வருடங்கள். பார்த்த பிறகுதான் குறையத் தொடங்கியது.

ஆகவே அவளிடம் இதைத்தான் சொன்னேன். முதலில் 850 முடியட்டும். முடிந்ததும் அந்த 850 ஐச் செலவழிக்காமல் 1,250 உடன் சேர்த்துக் கட்டு. ஏற்றுக்கொள்வார்களா, முன்கூட்டிக் கட்டினால் வட்டியில் கழிப்பார்களா என்று எழுத்தில் கேள். ஏற்றுக்கொண்டால் 31 வாரம் 23 ஆகும். புதிதாக ஐந்தாவது புத்தகம் மட்டும் வேண்டாம்.

நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தது. மலைகள் சரிந்தன, பாதைகள் போயின. அவள் வேலை செய்யும் மலையில் பல நாள் பேர் விழவில்லை. தவணைகள் தவறின. அவ்வளவுதான், எல்லாம் போயிற்று என்று எண்ணிக்கொண்டேன். ஒரு கொப்பியும் நான்கு கூட்டல் கணக்கும் மண்சரிவுக்கு முன்னால் எம்மாத்திரம்? ஊக்கத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் இதை மறக்கக்கூடாது. மனம் உறுதியாக இருந்தாலும், கூலி வராத வாரத்தில் கடன் குறையாது. அருணாசலமும் நடேசய்யரும் தொழிலாளிக்குப் புத்தி சொல்வதோடு நின்றுவிடாமல் சட்டத்தை மாற்றப் போராடியது அதனால்தான். 2025 நவம்பர் வரவு செலவுத் திட்டத்தில் நாட்சம்பளத்தை, வருகைக் கொடுப்பனவும் சேர்த்து, 1,750 ரூபாவாக்குவதாக அறிவித்தார்கள். அதில் ஒவ்வொரு ரூபாவும் எத்தனையோ கொப்பிகளில் ஒரு வரியை அழிக்கும்.

தைப்பொங்கலன்று தொலைபேசியில் அழைத்தாள். பொங்கல் பொங்கிவிட்டதா என்று கேட்டேன். அதற்குப் பதில் சொல்லாமல், "ஒன்னு முடிஞ்சிருச்சி பெரியப்பா" என்றாள். ஒன்பது வாரம் பதின்மூன்று ஆகியிருந்தது. அந்தப் புத்தகத்தை என்ன செய்தாய் என்று கேட்டேன். பையில் வைக்கவில்லையாம். சாமிப் படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாளாம்.

இன்னும் மூன்று இருக்கின்றன.